பேசத் தெரியாதவர்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்? கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை துணைவேந்தர் அவர்களுக்கும், கல்விக் குழு உறுப்பினர்களுக்கும்,

எங்கள் இதழியல், தொடர்பியல் துறைக்குச் சென்ற மாதம் வந்த சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். வரும் கல்வியாண்டிலிருந்து மூன்று மாற்றங்கள் செய்யச் சொல்கிறது அது. முதுகலை மாணவர்களின் இன்டர்னல் மதிப்பெண் 25இல் 10 ‘தொடர்புத் திறனு’க்குப் போகும், அந்தத் திறனை ஆங்கிலத்தில் எடுக்கும் செமினாரை மட்டும் வைத்து அளக்க வேண்டும். ப்ராஜெக்ட் அறிக்கையும் வைவா என்னும் வாய்மொழித் தேர்வும் இனி ஆங்கிலத்தில் மட்டுமே. முதல் வாரத்தில் ஓர் ஆங்கிலத் தேர்வு வைத்து, வகுப்பை ஏ, பி என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. துறைக் கூட்டத்தில் மறுப்பை எழுதிக் கொடுத்தேன். “தீர்மானம் நிறைவேறிவிட்டது” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பாடத்திட்டக் குழுவுக்கு இந்த விஷயம் வரவே இல்லை. பாடம் நடத்துகிற எங்களிடம் யாரும் கேட்கவில்லை. மாணவர்களிடம் கேட்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகத்தில் என்றைக்குமே இருந்ததில்லை, ஆகவே அதைப் புதிய குறையாகச் சொல்ல மாட்டேன். உள்ளே பேச இடம் கிடைக்காததால் வெளியே எழுதுகிறேன்.

எங்கள் துறையில் யார் படிக்கிறார்கள் என்று சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்தவர் இருக்கிறார். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவர் இருக்கிறார். வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசுகிறவர், சென்னையில் சி.பி.எஸ்.இ. படித்துவிட்டுத் தமிழில் அரசாணை ஒன்றைப் படிக்கத் திணறுகிறவர், மணிப்பூரிலிருந்து வந்து இட்லிக்குப் பழகிக்கொண்டிருப்பவர், காது கேளாதவர், சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டுத் திங்கள்கிழமை முதல் பீரியடில் கண் சொக்குகிறவர் என எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதினரோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்களின் அளவு, 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4தான். இந்த எண்ணை நாம் எல்லா மேடையிலும் பெருமையாகச் சொல்கிறோம். அது 47 ஆனதே மேலே சொன்ன பிள்ளைகள் உள்ளே வந்ததால்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்படி அறிவொளியில் கையெழுத்துப் போடக் கற்ற பாட்டிமாரின் பேத்திகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். அரசு கதவைத் திறந்து, பஸ்ஸுக்கும் வழிசெய்து, பணமும் கொடுத்து அனுப்பி வைக்கிறது. நாம் அறைக்குள் வந்தவர்களை முதல் வாரமே இரண்டாகப் பிரித்து உட்கார வைக்கப் போகிறோம்.

சென்ற சில ஆண்டுகளில் செமினார் எப்படி நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் தாயின் மகள் ஒருவர் எங்களிடம் படித்தார். ஊடகங்கள் எதைத் திரும்பத் திரும்ப முன்னிறுத்துகின்றனவோ அதையே மக்களும் முக்கியம் என்று எண்ணத் தொடங்குகிறார்கள் என்ற கோட்பாடு எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் பேசி மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்து 1972இல் வெளியிட்டது அது. மாணவி அதைத்தான் செமினாருக்கு எடுத்தார். அன்றைக்கு வெளியிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் ஆங்கிலத்தில் பேசச் சொன்னார். மனப்பாடம் செய்து வைத்திருந்த நான்கு வரி வந்தது. அப்புறம் ஒரு நிறுத்தம். அப்புறம் “சாரி சார்”. “பாடப்பொருள் புரியவில்லை” என்று தாளில் குறிப்பு எழுதப்பட்டது.

அடுத்த வகுப்பில் அதே கோட்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது அந்த மாணவி எழுந்து சொன்னதை அப்படியே தருகிறேன். “எங்க ஊர்ல மழை பெஞ்சா, உப்பு விலை ஏறிடுச்சுன்னு பேப்பர்ல வரும். மழை பெஞ்சா உப்பளத்துல வேலை கிடையாது, அம்மாவுக்குக் கூலி கிடையாது. அது வராது. அதனால எங்க தெருவுலயே மழை வந்தா உப்பு விலையைப் பத்தித்தான் பேசுவாங்க, கூலியைப் பத்திப் பேச மாட்டாங்க.” கூலி இல்லாதவர்களே தங்கள் கூலியைப் பற்றிப் பேசாமல் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறார். அந்தக் கோட்பாட்டின் நெஞ்சுப் பகுதி இதுதான். பாடநூலில் இருக்கும் உதாரணத்தைவிட நல்ல உதாரணம். அன்றைய மதிப்பீட்டுத் தாளின்படி இவருக்குப் பாடப்பொருள் புரியவில்லை. புதிய விதி வந்தால் இன்டர்னலில் பத்து மதிப்பெண்ணும் இதே மாதிரிதான் போடப்படும்.

1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மொழியியலாளர் வில்லியம் லபோவும் அவரது குழுவினரும் கறுப்பினச் சிறுவர்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மொழி வளமே இல்லை, வாயைத் திறந்தால் ஓரிரு சொல்தான் வருகிறது என்று அன்றைய கல்வி உளவியலாளர்கள் சிலர் சொல்லிவந்த காலம் அது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம், ஹார்லெமிலேயே வளர்ந்த ஒருவர் பேட்டி எடுத்தார். சிறுவன் “இல்லை”, “தெரியாது” என்பதற்கு மேல் பேசவில்லை. அடுத்த முறை அவர் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக்கொண்டு, அவனுடைய நண்பனையும் கூட்டிக்கொண்டு போய், தரையில் உட்கார்ந்து பேசினார். அதே சிறுவன் குறுக்கே குறுக்கே புகுந்து பேசித் தீர்த்தான். பிள்ளையின் நாக்கு மாறவில்லை, கேட்கிறவர் அமர்ந்த விதம் மாறியது. 1969இல் இதை எழுதிய லபோவ், பரீட்சை அறைகளில் நாம் அளப்பது பிள்ளையின் திறனையா, அந்த அறையின் அச்சத்தையா என்ற கேள்வியை எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் விட்டுச் சென்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி நம் கல்விக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் ஏறவில்லை.

காது கேளாத மாணவரின் நிலையைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. நாமும் ஒதுக்குகிறோம், படிவத்தில் எண்ணை நிரப்பி அனுப்புகிறோம். அப்படி வந்தவர் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசினால்தான் பத்து மதிப்பெண் என்றால் அந்த இடத்துக்கு என்ன அர்த்தம்? அவர் எடுத்த புகைப்படத் தொகுப்பு ஒன்றில் பஸ் நிலையக் கண்டக்டர்களின் கைகள் மட்டும் இருந்தன: டிக்கெட் கிழிக்கும் கை, படியில் நிற்பவரை உள்ளே வரச் சொல்லும் கை, சில்லறை இல்லை என்று விரிக்கும் கை. யாரும் ஒரு சொல்கூடப் பேசாமல் எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்று வகுப்பே அசந்துபோனது. சுற்றறிக்கையின் கணக்கில் இந்த மாணவருக்குத் தொடர்புத் திறன் பூஜ்யம். சுற்றறிக்கையைத் தயாரித்தவர்களுக்கு இப்படி ஒருவர் நம் வளாகத்தில் இருப்பது நினைவுக்கே வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“சரி, அப்படியானால் தொடர்புத் திறனை எப்படித்தான் அளப்பது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல ஆண்டுகளாக நான் செய்துவருவதைச் சொல்கிறேன்.

ஒருவர் செமினார் எடுக்கும்போது, கேட்பவர்களில் மூவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பேன். முடிந்தவுடன் அந்த மூவரும், தாங்கள் புரிந்துகொண்டதை ஆளுக்கு அரைப் பக்கம் எழுத வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். பேசியவர் சொல்ல நினைத்ததை முன்கூட்டியே ஐந்து வரியில் எழுதி என்னிடம் கொடுத்திருப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இடைவெளி குறைந்தால் மதிப்பெண் கூடும். பேசியவர் தமிழில் பேசலாம், ஆங்கிலத்தில் பேசலாம், சைகை மொழியில் சொல்லலாம், ஒலிப்பதிவாகக் கொண்டுவரலாம், சுவரொட்டியாக ஒட்டலாம். மற்றவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும்தான் கேள்வி.

இதில் முதல் சில வாரங்களில் அடிபடுகிறவர்கள் யார் தெரியுமா? நுனிநாக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள். மடமடவென்று அழகாகப் பேசிவிட்டு உட்காருவார்கள், கைதட்டலும் கிடைக்கும். கேட்டவர்களின் தாள்களைப் பிரித்தால் ஒன்றும் இருக்காது. “நல்லா பேசினார்” என்று ஒருவர் எழுதியிருப்பார். அப்படிப் பேசிய ஒரு மாணவருக்கு முதலில் என்மேல் கடும் கோபம். பிறகு அவரே உப்பளத்து மாணவியிடம் போய், “நீ ஏன் எப்பவும் ஒரு ஆளைப் பத்திச் சொல்லித் தொடங்கற?” என்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த மாணவி பதிலுக்கு அவரிடம் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை எப்படி வேகமாகப் படித்து முடிப்பது என்று கேட்டுக்கொண்டார். இருவரும் சேர்ந்து எங்கள் வளாக வானொலிக்கு ஒரு நிகழ்ச்சி தயாரித்தார்கள். 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியதிலிருந்து இந்த மாதிரி நிலையங்கள் பல வளாகங்களில் இருக்கின்றன. அவற்றைவிட நல்ல வகுப்பறை தொடர்பியல் மாணவர்களுக்குக் கிடையாது. ஏனென்றால் ரேடியோவைக் கேட்கும் பூக்காரம்மாவுக்கு யாருடைய உச்சரிப்புக்கும் மார்க் போட வேண்டிய கட்டாயம் இல்லை. புரிந்தால் கேட்பார், புரியாவிட்டால் ஸ்டேஷனை மாற்றிவிடுவார்.

இதனால்தான் ஏ, பி பிரிவு எனக்கு மூன்று மாற்றங்களிலும் மோசமானதாகப் படுகிறது. மதிப்பெண் விதியைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். வகுப்பை உடைத்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஒருவரை ஒருவர் எளிதில் புரிந்துகொள்ள முடியாத ஆட்கள் ஒரே அறையில் இருப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடம். வேதியியல் துறைக்கு அமிலமும் காரமும் தேவைப்படுவதுபோல எங்களுக்கு இந்தக் கலவை தேவை. ஏ பிரிவில் ஒரே மாதிரி பேசுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி, தங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். பி பிரிவில் இருப்பவர்கள் தாங்கள் பி பிரிவு என்பதைக் கற்றுக்கொள்வார்கள். பள்ளியில் கடைசி பெஞ்ச் என்று ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்தவருக்காவது எழுந்து முன்னால் வர வழி இருந்தது. அப்புறம், யார் எந்தப் பிரிவில் விழுவார்கள் என்பதை ஆங்கிலத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே சாதிச் சான்றிதழையும் அப்பாவின் தொழிலையும் பார்த்து ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடலாம். இதை நீங்களும் அறிவீர்கள். தேர்வுத் தாளில் சாதி கேட்கப்படாது என்பதால் பிரிப்பு சாதி பார்க்காமல் நடந்ததாகிவிடாது.

மணிப்பூர் மாணவியின் அனுபவம் இதற்கு இன்னொரு பக்கம். ஆங்கிலம் அவருக்குத் தடையில்லை, உங்கள் தேர்வில் ஏ பிரிவில் முதலிடத்தில் வருவார். ஆனால் அவருடன் யாரும் பேசவில்லை, அதுதான் அவருடைய சிக்கல். எங்கள் வகுப்பில் முதல் வாரம் யாரும் முன்னால் வந்து தன்னை அறிமுகம் செய்துகொள்ளத் தேவையில்லை. தன்னைப் போல் இல்லாத ஒருவரைப் பேட்டி எடுத்து ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்ட வேண்டும், அவர் திருத்த வேண்டும். இந்த மாணவியை ஜவ்வாது மலை மாணவர் பேட்டி எடுத்தார். எழுதியதில் பாதியை மாணவி அடித்துத் திருத்தினார். “நான் மலையிலிருந்து வந்தவள் என்று நீயே எழுதிக்கொண்டாய், இம்பால் சமவெளி” என்றாராம். தன்னை மலைவாசி என்று மற்றவர்கள் எழுதுவதைக் கேட்டு வளர்ந்த பையன், அதையே இன்னொருவருக்குச் செய்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. என் விரிவுரை எதுவும் இதைச் சாதித்திருக்காது. இப்போது சொல்லுங்கள், ஜவ்வாது மலை பி பிரிவுக்கும் இம்பால் ஏ பிரிவுக்கும் போனபிறகு இந்தத் திருத்தம் எங்கே நடக்கும்?

எங்கள் மாணவர்களிடம் தேர்வுக்குத் தேர்வு ஸ்டூவர்ட் ஹால் என்ற பண்பாட்டு ஆய்வறிஞரைப் பற்றிக் கேள்வி கேட்கிறோம். ஒரு செய்தியை அனுப்புகிறவர் வைக்கும் பொருளும், பெறுகிறவர் எடுத்துக்கொள்ளும் பொருளும் ஒன்றாகவே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பெறுகிறவர் தன் வாழ்க்கையிலிருந்துதான் பொருள் கொள்கிறார் என்று 1973இல் எழுதியவர். மாணவர்கள் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, முழு மார்க் வாங்குகிறார்கள். அந்த மனிதர் எங்கே, யாருக்குப் பாடம் நடத்தினார் என்பதை நாம் கேட்பதில்லை.

ஹால் 1932இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். 1951இல் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். ஆய்வுப் பட்டத்தை முடிக்காமல் வெளியே வந்து தெற்கு லண்டனில் சாதாரணப் பிள்ளைகள் படித்த பள்ளியில் தற்காலிக ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு ஆய்வு மையத்தை உலகமே திரும்பிப் பார்க்கும்படி வளர்த்தார். அந்தப் புகழின் உச்சத்தில், 1979இல், அவர் போய்ச் சேர்ந்த இடம் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1997இல் ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர முன் தகுதி எதுவும் கேட்க மாட்டார்கள். பி.பி.சி. தொலைக்காட்சியில் அகாலத்தில் ஒளிபரப்பாகும் பாடங்களை வேலைக்குப் போகிறவர்களும் இல்லத்தரசிகளும் பார்த்துப் படித்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் வரவேற்கக் காத்திருந்த ஓர் அறிஞர், பள்ளியிறுதிச் சான்றிதழ்கூட இல்லாத மாணவர்களுக்குப் புரியும்படி கோட்பாடுகளைச் சொல்ல முடிகிறதா என்று தன்னையே சோதித்துக்கொண்டார். அவர் மாணவர்களைச் சோதிக்க ஏ, பி பிரிவு கேட்கவில்லை. அவரைப் பாடத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் ஆங்கிலத் தேர்வும் வைப்பது எப்படிப் பொருந்தும் என்று கல்விக் குழு எனக்கு விளக்க வேண்டும்.

சுற்றறிக்கைக்கு நீங்கள் வாய்மொழியாகச் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

ஊடகத் துறையில் வேலை கிடைக்க ஆங்கிலம் வேண்டும் என்றீர்கள். வேண்டும்தான். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் எங்கே வேலைக்குப் போகிறார்கள்? தமிழ் நாளிதழ்களுக்கும், தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளுக்கும், தமிழ் யூடியூப் சேனல்களுக்கும். அங்கே உதவி ஆசிரியர் வேலைக்கு வைக்கும் தேர்வில் செய்தி நிறுவனத்தின் ஆங்கிலச் செய்தி ஒன்றைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்வார்கள். ஆங்கிலத்தைத் தெளிவாகப் படிக்கவும், தமிழில் சுருக்கமாகவும் பிழையில்லாமலும் எழுதவும் தெரிய வேண்டும். மேடையில் நின்று ஆங்கிலத்தில் ஒப்பிப்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. லண்டனில் பாரிஸ்டர் படித்துவந்த சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். டீக்கடையில் ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழ் அதன் அடையாளமானது. தமிழ் இதழியல் மக்களிடம் போய்ச் சேர்ந்த வழி அது. அந்த வேலைக்குத்தான் நம் மாணவர்கள் போகிறார்கள்.

ஆங்கில ஊடகங்களுக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். இங்கேதான் சுற்றறிக்கையின் பெரிய ஓட்டை இருக்கிறது. அது ஆங்கிலத்தை அளக்கச் சொல்கிறது, கற்பிக்க ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. மொழிப் பயிற்சிக்கான பணியிடம் காலியாகக் கிடக்கிறது, மொழி ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டுகிறார்கள். கற்பிக்காத ஒன்றுக்குத் தேர்வு வைத்தால், பல்கலைக்கழகத்துக்கு வெளியே காசு கொடுத்தோ பிறந்த வீட்டின் வாய்ப்பாலோ கற்றுக்கொண்டவருக்கு மார்க் போடுகிறோம் என்று அர்த்தம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கைபேசியில் வந்துவிட்ட பிறகு ஆங்கிலச் செமினார் என்னவாகிவிட்டது என்பது நீங்கள் அறியாததல்ல. தலைப்பைத் தட்டினால் பிழையற்ற ஆங்கிலத்தில் நான்கு பக்கம் வருகிறது. இரவெல்லாம் உருப்போட்டு வந்து ஒப்பிக்கிறார்கள். குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் நின்றுபோகிறது. தங்கள் மொழியில் பேச விட்டால் குறுக்குக் கேள்விக்குப் பதில் வருகிறது, எதிர்க்கேள்வியும் வருகிறது. யார் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இன்றைக்கு எனக்கு இருக்கும் ஒரே நம்பகமான வழி அதுதான்.

கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது, ஆங்கிலச் சூழல் இருந்தால் மதிப்பீடு உயரும் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. குழு வரும் வாரத்தில் பூந்தொட்டி வாடகைக்கு எடுப்பதை நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். மாணவர்களையும் பூந்தொட்டியாக்குவதை ஏற்க முடியாது. மேலும், 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதிய கடிதத்தில், பாடம் ஆங்கிலவழியில் நடந்தாலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் தேர்வு எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொண்டார். தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இலிருந்து இருக்கிறது. மேலே இருப்பவர்கள் எல்லோரும் ஒரு திசையில் போகும்போது நம் கல்விக் குழு மட்டும் எதிர்த்திசையில் போவது ஏன்?

கடைசியாக, “மாணவர்களே ஆங்கிலம்தான் கேட்கிறார்கள்” என்ற வாதம். உண்மை, கேட்கிறார்கள். என்னிடமும் வந்து கேட்கிறார்கள். “எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்க” என்று கேட்டார்களே தவிர, எங்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள் என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

என் கோரிக்கைகள் இவை.

ஏ, பி பிரிவுத் திட்டத்தை முழுவதுமாகக் கைவிட வேண்டும். சேர்க்கைக் கையேடு அச்சுக்குப் போகுமுன் இது நடக்க வேண்டும். ஒத்திவைப்பு போதாது, ஒத்திவைக்கப்பட்டவை நம் பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறையில் திரும்ப வரும்.

தொடர்புத் திறனுக்கான 10 மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைக் கேட்டவர்களின் புரிதலை வைத்து அளக்க எங்கள் துறையை அனுமதிக்க வேண்டும். மொழியையும் வடிவத்தையும் மாணவர் தேர்ந்தெடுக்கட்டும். நான் மேலே சொன்ன முறைதான் ஒரே முறை என்று சொல்லவில்லை. இந்த ஆண்டு ஒரு வகுப்புக்கு அதை நடத்திக் காட்டத் தயார். அத்தனை தாள்களையும் பாதுகாத்து வைத்திருக்கிறேன், குழுவில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ப்ராஜெக்டும் வைவாவும் தமிழிலோ ஆங்கிலத்திலோ, மாணவர் விரும்பும் மொழியில் இருக்கட்டும். தமிழில் எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு பக்கச் சுருக்கம் சேர்க்க வேண்டும் என்றால் அது நல்ல பயிற்சி, செய்யச் சொல்கிறோம். காது கேளாத மாணவர்களின் வைவாவுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரைப் பல்கலைக்கழகச் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும். இதுவரை அந்தச் செலவை அவர்களுடைய வீட்டார் ஏற்கிறார்கள், இது வெட்கக்கேடு.

ஆங்கிலத்துக்கு வாரம் நான்கு மணி நேரம், சிறு குழுக்களாக, மார்க் இல்லாமல், அதற்கென்று நியமிக்கப்பட்ட ஆசிரியரோடு வகுப்பு வேண்டும். காலியாக இருக்கும் பணியிடத்தை இந்தக் கல்வியாண்டிலேயே நிரப்ப வேண்டும். விருப்பப்பட்ட எல்லோரும் வரலாம் என்று இருக்க வேண்டும். யாரையும் பெயர் குறித்து அனுப்பக் கூடாது. இதே போலத் தமிழ் எழுதத் திணறுகிறவர்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும். அவர்கள் எண்ணிக்கை நீங்கள் நினைப்பதைவிட அதிகம், வெளிமாநில மாணவர்கள் மட்டும் இல்லை.

வருகைப் பதிவு பற்றி விரிவாக வேறொரு சமயம் எழுதுகிறேன். முகாமில் கணக்கெடுப்பு நாளில் கட்டாயம் நேரில் இருக்க வேண்டிய மாணவர்களிடம், வருகை குறைந்ததற்காகக் கண்டோனேஷன் கட்டணம் வசூலிப்பதை மட்டும் உடனே நிறுத்துங்கள்.

இனி எங்கள் துறையின் மதிப்பீட்டு முறையைத் தொடும் எந்தத் தீர்மானமும் பாடத்திட்டக் குழு வழியாக வர வேண்டும். அந்தக் கூட்டத்தில் மாணவர்கள் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவராக இருப்பது நல்லது. அவர்கள் தமிழில் பேசினால் கூட்டக் குறிப்பிலும் தமிழிலேயே பதிவாக வேண்டும்.

இந்த மடலுக்கு, சேர்க்கை தொடங்குவதற்கு முன், காரணங்களோடு எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் அழைத்து, “நேர்ல வாங்க, பேசிக்கலாம்” என்று சொல்ல வேண்டாம். பதிலைத் துறை அறிவிப்புப் பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இதழியல், தொடர்பியல் துறைப் பேராசிரியர் ஒருவர்